அத்தானுக்கு ஒரு நிஜப் பட்டுக் கம்பளம்

மார்ச் 3

தம்பிக்கு,

ஒன்பது வருஷம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாய். யாரும் போகவில்லை. பதறாமல் உட்கார்ந்து படி.

எனக்கு ஒரு கம்பளம் வேண்டும். பாரசீகப் பட்டு, கையால் முடிச்சுப் போட்டது, பழையது. உன் கடை வாசலில் இதைத்தானே பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாய். நீளம் ஒன்பது அடி, அகலம் ஆறு அடி. அடர்ந்த சிவப்பு, நடுவில் ஒரு மரம், மரத்தின் இரண்டு பக்கமும் பறவைகள், ஓரம் முழுக்கக் கொடி. எதைப் போல என்று உனக்கே தெரியும். அதைப் போலவே இருக்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேறாக இருக்க வேண்டும், அதுவும் உனக்குத் தெரியும்.

உன் அத்தானுக்கு எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறோம். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். கை கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், அவளிடம் பேசுகிறார். பேப்பர் போடுகிறவரிடம்கூட இரண்டு வார்த்தை பேசுகிறார். என்னிடம் பேசுவதில்லை. அதை வியாதிக் கணக்கில் எழுதிவிடாதே. அவர் என்னிடம் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது.

ஃபோன் செய்யாதே. இந்த வீட்டில் நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்குக் கேட்டுவிடும். உடம்பில் மற்றதெல்லாம் தளர்ந்துவிட்டது, காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். நீ நேரில் வரவும் வேண்டாம். கம்பளத்தை மட்டும் அனுப்பு. விலையை வேற்று ஆளுக்குச் சொல்வது போலச் சொல்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

‘தாங்கள்’ என்று ஆரம்பித்து, அடித்து, ‘நீங்கள்’ என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். உன்னை ‘நீ’ என்று சொல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் நின்றிருந்த ஒரு தம்பதியை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டேன். அவர்கள் எதுவும் வாங்காமல் போய்விட்டார்கள், போகட்டும். அத்தானுக்கா இப்படி? எட்டு மாதமாக ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா உனக்கு? நான் செத்தா போய்விட்டேன்?

அந்தப் பழைய போலிக் கம்பள விஷயத்தை நீ மறுபடி சுட்டிக் காட்டியிருக்கிறாய். அக்கா, எத்தனை தடவை சொல்வது? நானும் ஏமாந்தவன்தான். எனக்கு விற்றவன் பட்டு என்று சொன்னான், நான் நம்பினேன். கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகாத சமயம். எனக்கு அப்போது என்ன தெரியும்? அத்தான் என்னை வாசலோடு நிற்க வைத்தபோதுகூட நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான் என்று வந்துவிட்டேன்.

போகட்டும். நீ கேட்டது என்னிடம் இருக்கிறது. எழுபது வருஷத்துப் பழசு. மேலே பட்டு, அடியில் ஓடும் பாவு நூலும் பட்டு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் முடிச்சு ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னதாக இருக்கும். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அதே படம், மங்கலில்லாமல் தெரியும். மரம் இருக்கிறது, பறவைகள் இருக்கின்றன. ஒரு பறவைக்கு மட்டும் வால் கொஞ்சம் குட்டை. நெய்தவர் அந்த வரிசைக்கு வரும்போது நூல் தீர்ந்ததோ என்னவோ. அந்தக் குறை இருப்பதால்தான் அது கையால் செய்தது என்று நான் வாடிக்கையாளர்களிடம் அடித்துச் சொல்வேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பளத்தைக் கடையில் பார்த்து வாங்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்புவோம். பத்து நாள் விரித்துப் போட்டுப் பாருங்கள், காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்போம். உனக்குப் பத்து நாள் கணக்கெல்லாம் கிடையாது. விலையும் கிடையாது. அதைப் பற்றி இன்னொரு தடவை எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்கு முன்னால், அவர் மறக்க நினைக்கிற அதே பொருளைக் கொண்டுவந்து விரிக்க உனக்கு ஏன் தோன்றியது?

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நீ சின்ன வயதிலிருந்தே புளுகுமூட்டை. பல்லைத் தேய்க்காமலே தேய்த்தேன் என்பாய், பிரஷ் காய்ந்து கிடக்கும். அதனால் ஏமாந்தவன் கதையை என்னிடம் மறுபடி விரிக்காதே. கடைக்கு வருகிறவர்களிடம் விரி.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் முன்பு நீ அந்தக் கம்பளத்தைக் கொண்டுவந்து போட்ட மத்தியானம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெரிய நிபுணர் மாதிரி பேசினாய். “பட்டு நூலைக் கொளுத்தினா முடி கருகுற நாத்தம் வரும்க்கா, சாம்பலைத் தொட்டா பொடிஞ்சிடும். போலின்னா பேப்பர் எரியுற வாசனைதான் வரும்” என்றாய். நீ பஸ்ஸுக்குப் போனாய். அவர் கீழ்வீட்டு நண்பரைக் கூட்டிவரப் போனார். எனக்கு அன்றைக்கு என்ன விளையாட்டோ தெரியவில்லை, நீ சொன்னது சரிதானா பார்க்கலாம் என்று கொண்டை ஊசியால் மூலையில் ஒரு இழையை உருவி அடுப்பில் காட்டினேன். பேப்பர் எரிகிற வாசனைதான் வந்தது. இன்னொரு இழையை உருவினேன். அதுவும் அப்படித்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் இவர் நண்பரோடு குனிந்து நிற்கிறார். “முடிச்சப் பாருங்க, என் மச்சினன் கொண்டு வந்தான்” என்கிறார். உன் அத்தான் யாரையும் லேசில் மெச்சுகிறவரா? அன்றைக்கு உன்னை மெச்சினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் உன்னைத் தெருவில் நிறுத்திவிடுவார் என்றும் பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

போலிப் பட்டில் தண்ணீர் பட்டால் மஞ்சளாகி விறைத்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பதின்மூன்று வருஷம் அந்த ஹாலில் ஒரு டம்ளரை வைக்க விட்டதில்லை. மழை இருட்டினால் துணியை எடுப்பதற்கு முன் ஹால் ஜன்னலைச் சாத்துவேன். வேலைக்கு வருகிற அம்மாளைத் தரை துடைக்க விடாமல் நானே முட்டிபோட்டுத் துடைத்தேன். “என் பொண்டாட்டி அதக் குழந்தை மாதிரி பாத்துக்குறா” என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று உனக்கு நினைவிருக்கும். வங்கியில் செக்கில் இருக்கும் கையெழுத்து நிஜமா போலியா என்று பார்த்துச் சொல்கிற வேலை. நாற்பது வருஷத்தில் ஒரு போலிக் கையெழுத்துகூட அவர் மேசையைத் தாண்டிப் போனதில்லை. பணி ஓய்வு நாளில் மேனேஜர் முதற்கொண்டு பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் அதையே சொல்லிப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது யாரோ எழுந்த வேகத்தில் பூச்சாடி சாய்ந்தது. தண்ணீர் கம்பளத்தில் ஓடியது. நான் துண்டோடு போய் விழுந்தேன். “ஐயோ, தண்ணி பட்டா மஞ்சளாயிடும், இது பட்டு இல்ல!” என்று கத்திவிட்டேன்.

மேனேஜர் ஃபேனைப் பார்த்தார். இவர் மட்டும் சத்தம் போடாமல் கேட்டார், “உனக்கு எப்போலேருந்து தெரியும்?” நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு துண்டு எடுக்கப் போகிறவள் போல எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். எல்லோரும் கிளம்புகிற வரை வெளியே வரவில்லை.

அதுதான் அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி. மறுநாளே கம்பளத்தைச் சுருட்டி வெளியே போடச் சொன்னார், அதையும் வேலைக்கார அம்மாளிடம்தான் சொன்னார். பிறகு நீ வந்தாய், வாசலோடு போனாய்.

இரண்டாவது தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தம்பி, இவர் என்னோடு பேசாமலே போய்விடக் கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கம்பளம் வரட்டும். நேரில் வர வேண்டாம் என்று முதலில் எழுதினேன், இப்போது மாற்றிச் சொல்கிறேன், அதைச் சாக்காக வைத்து நீ இவருக்கு முன்னால் வந்து நின்று ஒரு பொய் சொல்ல வேண்டும். அது என்னவென்று அடுத்து எழுதுகிறேன். பொய் உனக்குப் புதிதில்லை.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். என் மனைவி அது ஏதோ பெண் எழுதிய கடிதம் என்று சந்தேகப்பட்டு எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு என் தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

உனக்குத் தெரியுமா? முதல் நாளே தெரியுமா? அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் நான் உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கம்பளத்தின் மேலேயே கால் நீட்டி உட்கார்ந்து, “பட்டுன்னா இதுதான்க்கா பட்டு” என்று சொல்லியிருக்கிறேன். நீ எனக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே “ஆமாண்டா” என்றிருக்கிறாய். எப்படி முடிந்தது உனக்கு?

சரி. நீ ஒன்றைச் சொன்னாய், நானும் சொல்லிவிடுகிறேன். நான் ஏமாறவில்லை. என் கடையில் அன்றைக்கு இரண்டு இருந்தன. ஒன்று நிஜம், ஒன்று அதைப் பார்த்துச் செய்த போலி. அத்தான் ஆசைப்பட்டுக் கேட்டார், நிஜத்தைத்தான் எடுத்து வைத்தேன். அன்று மாலை ஒரு பல் டாக்டர் வந்து அதையே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு விவரம் தெரியும், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர். நிஜத்தை அவருக்கு விற்றுவிட்டுப் போலியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டு ஆட்கள் யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு வருஷத்தில் நிஜம் ஒன்று கிடைத்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று சத்தியமாக நினைத்தேன்.

கிடைக்கவும் கிடைத்தது. இப்போது உனக்கு அனுப்பப்போவது அதுதான். உள்ளறையில் பதினாறு வருஷமாகச் சுருட்டி நிறுத்தியிருக்கிறேன். எத்தனையோ பேர் கேட்டார்கள், விற்பனைக்கு இல்லை என்றேன். கொண்டுவந்து மாற்ற வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. அதற்குத் துணிச்சல் இல்லை. கடையைப் பூட்டும்போது தினமும் அதைப் பார்ப்பேன். நான் என்ன மாதிரி ஆள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நீ எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கம்பளம் வேனில் வருகிறது. வேன் ஓட்டுகிறவர் நம்பிக்கையான ஆள், விரித்துக் கொடுத்துவிட்டு வருவார். பட்டின் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு தலைப்பிலிருந்து பார்த்தால் வெளுப்பாகவும் எதிர்த் தலைப்பிலிருந்து பார்த்தால் அடர்த்தியாகவும் தெரியும். அத்தான் கட்டிலிலிருந்து பார்க்கும்போது அடர்ந்த சிவப்பு தெரிகிற மாதிரி போடச் சொல்லியிருக்கிறேன். மறக்காதே.

ஆனால் நான் வர முடியாது, அக்கா. அந்த மனுஷன் கண்ணைப் பார்த்து என்னால் பேச முடியாது. வேண்டுமானால் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வேனிலேயே அனுப்புகிறேன். நீ படித்துக் காட்டு.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

கம்பளம் வந்தது. கடிதமும் வந்தது. கடிதத்தை நான் கொடுக்கவில்லை. கையெழுத்திலேயே ஆளைப் படிக்கிற மனுஷனிடம் உன் கோணல் எழுத்தைக் கொடுப்பதா? அடுப்பில் போட்டேன். பேப்பர் வாசனைதான் வந்தது.

இனி நடந்ததைக் கேள். உன் வேன்காரர் விரித்தபோது இவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், தூங்கவில்லை. பயிற்சிக்கு வருகிற பெண் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். “நடக்கப் பழகுறவருக்கு முன்னாடி யாராவது கார்பெட் போடுவாங்களாம்மா? கால் தடுக்கினா யாரு பொறுப்பு?” என்றாள். அப்போது இவர் பேசினார். என்னிடமில்லை, அவளிடம். “இருக்கட்டும். என்னை ஓரத்துல கொண்டு போ.”

சக்கர நாற்காலியை ஓரத்தில் நிறுத்தினாள். இடது கையால் மூலையை மடித்துத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடி கேட்டார். வங்கியில் வைத்திருந்த அதே கண்ணாடி, மேசை டிராயரில் இருந்தது, நான் எடுத்து அவளிடம் கொடுத்தேன், அவள் அவரிடம் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எல்லாமே இப்படி இரண்டு கை மாறித்தான் போகும். வெகு நேரம் பார்த்தார். உன் குட்டை வால் பறவையையும் பார்த்தார்.

அந்தப் பெண் போன பிறகு, குடிக்க வைத்திருந்த டம்ளரை இடது கையால் எடுத்தார். என்னை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அத்தனை தண்ணீரையும் கம்பளத்தில் கவிழ்த்தார்.

பதின்மூன்று வருஷத்துப் பழக்கம், கால் தானாகத் துண்டைத் தேடுகிறது. நான் நகரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஈரம் காய்கிற வரை அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் ஒரு கறை கிடையாது. அவர் முகம் கொஞ்சம் இளகியது, தம்பி. நான் கற்பனை செய்யவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் தட்டைக் கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டார்.

இது போதும் என்று விட மாட்டேன். இரும்பு சூடாக இருக்கும்போதே நீ வர வேண்டும். நீ சொல்ல வேண்டியதைக் கீழே எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்துகொள். உன் வாயைத் திறந்துவிட்டால் மூட மாட்டாய், ஒன்றுக்குப் பத்தாகச் சேர்ப்பாய், அங்கேதான் மாட்டிக்கொள்வாய். அதனால் இதில் ஒரு எழுத்தைக் கூட்டாதே, குறைக்காதே:

“அத்தான், அந்தக் கம்பளம் போலின்னு எனக்கு மொதல்லயே தெரியும். அக்காவுக்குத் தெரியாது. நீங்க ரிட்டயர் ஆகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் நான் அக்காகிட்ட ஒத்துக்கிட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். தப்பு முழுக்க என்னோடது.”

அவ்வளவுதான். முன்பெல்லாம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாளே என்று அவர் கேட்டால், பட்டு என்று நம்பித்தான் அப்படிப் பாதுகாத்தேன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். பதின்மூன்று வருஷம் அவரை முட்டாளாக வைத்திருந்தேன் என்ற நினைப்பு போய்விட்டால் போதும், இவர் என்னோடு பேசிவிடுவார்.

வா. உன்னை வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

தண்ணீரா! எழுபது வருஷத்துப் பட்டில் ஒரு டம்ளர் தண்ணீரா! படித்துவிட்டு எனக்கு நெஞ்சு வலியே வந்துவிட்டது. சாயம் கலங்காமல் தப்பித்தது உன் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டம், அந்தக் குட்டை வால் பறவையின் அதிர்ஷ்டம்.

வருகிறேன். இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை, காலை பஸ்ஸில்.

கடை ஆட்கள் போன பிறகு கம்பளக் குவியலுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாள் ‘ஒத்துக்கிட்டேன்’ என்ற இடத்தில் நின்றுபோய் உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இப்போது தடங்கலில்லாமல் வருகிறது. என் மனைவியிடம் சொல்லிக் காட்டினேன். “ஸ்கூல் பையன் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். அவளுக்கு எதிலும் ஒரு குறை.

ஒன்று கேட்கட்டுமா? உண்மையை நீயே அவரிடம் சொல்லிவிட்டால் என்ன? நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. எப்படியானாலும் சனிக்கிழமை அங்கே இருப்பேன்.

தம்பி


ஏப்ரல் 28

அக்கா,

பஸ்ஸில் வரும்போதே எழுத நினைத்தேன், குலுக்கலில் முடியவில்லை.

நீ சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். அத்தான் எவ்வளவு மெலிந்துவிட்டார்! கன்னமே இல்லை. என்னைப் பார்த்ததும் “வா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பளத்தின் மேல் நின்று நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். அவர் காதைக் காட்டி, “சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு” என்றார். மறுபடியும் சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை, நீ பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி என் கையைத் தட்டிக் கொடுத்தார். “சரி. நல்ல கம்பளம்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் விஷயமும் கேட்கவில்லை. நீ கதவு ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக என் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன மாதிரி இருக்கிறது. பொய் சொல்லித்தான் இறங்கியது, இருந்தாலும் இறங்கிவிட்டது.

பேசிவிட்டாரா? என்ன சொன்னார்? உடனே எழுது. இரண்டு வரியாவது எழுது.

தம்பி


மே 9

தம்பிக்கு,

பேசிவிட்டார்.

நீ போன மறுநாள் காலை. பயிற்சிக்காரப் பெண் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். “இங்க வா” என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. முதலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், அவர் யாரையோ கூப்பிடுகிறார் என்று. மறுபடியும் “இங்க வா” என்றார். சோப்புக் கையோடு ஓடினேன். இந்த வயதில் கல்யாணப் பெண் மாதிரி ஓடினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

“உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகப் பேசினார். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது.

“நான் என்ன வேலை பாத்தேன்?”

“கையெழுத்துப் பாத்தீங்க.”

“ஒரு ஆளு ரெண்டு தடவ கையெழுத்துப் போட்டா ரெண்டும் ஒண்ணு போல இருக்குமா?”

“இருக்காது.”

“இருந்தா?”

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவரோடு குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா? எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். நிஜக் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், கொஞ்சமும் மாறாமல் இருந்தால் அடியில் ஒன்றை வைத்துப் பார்த்து வரைந்தது என்று. என் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தார்.

“இருந்தா, அது பாத்து வரைஞ்சது” என்றேன்.

“உன் தம்பி ரெண்டு தடவ சொன்னான். ஒரு எழுத்து மாறல. நீ எழுதிக் குடுத்ததா?”

எனக்குச் சமையலறைக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. போகவில்லை. “ஆமா” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டை ஊசி, அடுப்பு, பேப்பர் வாசனை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் தடுக்காமல் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

“அன்னிக்கு எல்லாரும் போனதுமே எனக்குத் தெரியும். பதிமூணு வருஷம் ஒருத்தி மழை வந்தா மொதல்ல எந்த ஜன்னலைச் சாத்தினான்னு யோசிச்சுப் பாத்தா போதாதா? நான் கண்டுபிடிக்கறதுக்காகக் கேக்கல. நீயா வந்து சொல்லுவேன்னு கேட்டேன். ஒம்போது வருஷம் பாத்தேன். கடைசியில ஆள் அனுப்பிச் சொல்ல வெச்சே. அதுலயும் பொய்ய.”

“இப்போ சொல்லிட்டேனே” என்றேன்.

“கண்டுபிடிச்சப்புறம் எல்லாரும்தான் சொல்லுவாங்க” என்றார். வங்கியில் போலிக் கையெழுத்துக்காரர்களைப் பிடிக்கும்போது அவர்களிடமும் இப்படித்தான் பேசியிருப்பார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிடித்துக்கொள்ள ஏதாவது மிஞ்சியிருக்கும்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு நாளாகிறது. சாப்பிடுகிறார், மருந்து போட்டுக்கொள்கிறார். அந்தப் பெண்ணிடம் பேசுவது மட்டும் குறைந்துவிட்டது, நான் அறையில் இருந்தால் அவளிடமும் பேசுவதில்லை. நேற்று நானாகப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “இன்னும் ஏதாவது கேக்கணும்னா கேளுங்க, இனி எதையும் மறைக்க மாட்டேன்” என்றேன். அவர் தலையை அசைத்தார். கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று.

உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நீயே சொல்லிவிடேன் என்று எனக்கு எழுதியவன் நீதான். அதைப் படித்துவிட்டு, இவன் கழன்றுகொள்ளப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். உன் மனைவி சொன்னதையும் சிரித்துவிட்டுத் தள்ளினேன். ஒரு எழுத்தைக் கூட்டாதே குறைக்காதே என்று நான் படித்துப் படித்துச் சொல்லாமல் உன் இஷ்டத்துக்கு உளற விட்டிருந்தால், ஒருவேளை அவர் நம்பியிருக்கலாம். அப்படி நம்பியிருந்தால் அந்தப் பொய்யையும் அவர் போகிற வரை கட்டிக் காத்துக்கொண்டிருந்திருப்பேன். அதை நினைத்தாலும் நன்றாக இல்லை. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

சமாதானம் சொல்லி எழுதாதே. நீ சமாதானம் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும், தெரியுமே உனக்கு. இவர் என்னோடு ஒரு வார்த்தை பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு இந்த ஒன்பது வருஷமும் எனக்கு இருந்தது. காலையில் எழுந்திருப்பதும், அடுப்பைப் பற்றவைப்பதும், அவருக்குத் தலை வாரிவிடுவதும் எல்லாம் அந்த நினைப்பில்தான். பேசிவிட்டார், தம்பி. அவர் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். இனிமேல் நான் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அக்கா